மெட்டின் பெயர்: மறுபாட்டைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவீதியிலே, கோப்பாயைக் கடந்ததும் இருமருங்கும் செம்மண் நிலமும் வாழைத்தோட்டங்களுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சி தருவது நீர்வேலி. வடமொழி தென்மொழி இரண்டிலும் வல்லவராய், ஆறுமுக நாவலர் காலத்திலே, 1829 முதல் 1870 வரை வாழ்ந்த சங்கர பண்டிதரைத் தந்த ஊர் அது. பூர்வபட்சம் இன்னது, சித்தாந்தம் இன்னது என்று பகுத்து வாதஞ் செய்யும் பழக்கம் அந்த மண்ணிலே இன்றும் வற்றிவிடவில்லை என்பதற்கு, அவ்வூர்ச் சனசமூக நிலையத்து விறாந்தையில் மாலை வேளைகளில் நடைபெறும் சம்பாஷணைகளே சாட்சி. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு முதியவர்கள் இருவர் மூவர் தொடங்கும் தர்க்கம், நெல் விலையிலோ தேர்தலிலோ ஆரம்பித்து, எப்படியோ சுற்றிச் சுழன்று, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தாம் இளைஞராயிருந்த காலத்துப் பாட்டுக்களில் வந்து நின்றுவிடுகிறது. அவற்றுள்ளும் ஒரு பாட்டு மீண்டும் மீண்டும் வழக்குக்கு வருகிறது. அது ‘சுராங்கனி’.

“மனோகரன் பாடினதுதான் அண்ணை பாட்டு, படத்திலை வந்தது அதின்ரை நிழல்” என்பார் வாழைத்தோட்டக்காரர் ஒருவர். “தம்பி, அப்பிடிச் சொல்லக் கூடாது. இளையராஜா தொட்டிராவிட்டால் அந்தப் பாட்டு எங்கடை கடலைத் தாண்டியிருக்குமோ?” என்று கேட்பார், இளைப்பாறிய ஆசிரியராகிய மற்றவர். ஓய்வு பெற்று இருபது ஆண்டுகளாகியும் ஊரவர் அவரை மாஸ்ரர் என்றே அழைக்கின்றனர். இவ்விருவர் வாதத்தையும் பல மாலைகளிலே அருகிருந்து கேட்டவன் நான். வெறும் பொழுதுபோக்கென்று அதனைத் தள்ளிவிட என் மனம் இடந்தரவில்லை. ஒருவர் பாடிப் பிரசித்தமான பாட்டை மற்றொருவர் தம் குரலில் எடுத்துப் பாடுவதை ஆங்கில இசையுலகத்தார் ‘கவர்’ என்பர்; நாம் மறுபாட்டு என்று வைத்துக்கொள்ளலாம். மறுபாட்டு மூலத்துக்குச் செய்யும் மரியாதையா, அபகரிப்பா, அல்லது வேறொரு புதுப் படைப்பா என்னும் கேள்வி, நீர்வேலி விறாந்தையிலும் மான்செஸ்ரர் நகரத்து மதுச்சாலையிலும் ஒரே வேகத்தோடு கேட்கப்படுவது. அதனை ஒருமுறை முழுவதுமாக எடுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிலே பாட்டின் பூர்வோத்தரத்தைப் பார்க்கவேண்டும். மூன்று மூன்றாகத் துள்ளும் நடையிலே அமைந்து, கேட்டவர் காலைத் தன்னையறியாமலே அசையச் செய்யும் பைலா என்னும் இசைவகை, தன் பெயரையே போர்த்துக்கேய மொழியில் ஆடுதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெற்றது. 1505இல் இலங்கைக் கரையை அடைந்து, 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றி, 1658இல் ஒல்லாந்தரிடம் அதனை இழந்த போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவற்றுள், கோட்டைகளிலும் தேவாலயங்களிலும் மிக நீண்ட ஆயுளுடையது இந்தத் துள்ளல் நடை என்று நான் கருதுகிறேன். அவர்கள் அழைத்து வந்த ஆபிரிக்கரின் தாளமும் கலந்து கபிரிஞ்ஞாவாகி, கரையோரக் குடும்பங்களின் கொண்டாட்டங்களில் ஒதுங்கிக் கிடந்த அந்த இசைக்கு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பொலிஸ் உத்தியோகத்தராயிருந்த வொலி பஸ்தியான்ஸ் என்பவர் சிங்களச் சொற்களைப் பொருத்தி நாடெங்கும் பரவச் செய்தார். மேடையிலே இரு பாடகர் எதிரெதிர் நின்று, கொடுத்த பொருளைப் பற்றி அந்த நேரத்திலேயே அடி கட்டி வாதிடும் வாத பைலா என்றொரு பிரிவும் அதில் உண்டு. ஆகவே இந்தப் பாட்டைப் பற்றி வாதிப்பவர்கள், அதன் குலதர்மத்துக்கு மாறாக ஒன்றும் செய்துவிடவில்லை.

அந்தத் துள்ளல் நடையிலே தமிழை ஏற்றியவர்களுள் முன்னே நிற்பவர், நீர்வேலிக்கு அயலிலுள்ள உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம். அவருடைய ‘சின்ன மாமியே’, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ ஆகிய பாட்டுக்கள் எங்கள் வீட்டுப் பேச்சையும் எங்கள் ஒழுங்கைச் சண்டையையும் அப்படியே கொண்டுவந்து தாளத்தில் நிறுத்தின. சினிமாப் பாட்டின் காதலன் எந்த ஊரான் என்று யாராலும் சொல்ல இயலாது. இந்தப் பாட்டிலே மாமியை அழைத்து நிற்கின்றவனோ கோப்பாய்ச் சந்தியிலோ சுன்னாகச் சந்தையிலோ நாம் கண்டு பழகிய ஒருவன். அவரைத் தொடர்ந்து புகழின் உச்சியை அடைந்த ஏ. ஈ. மனோகரன், பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று கொண்டாடப்பட்டவர்; கூட்டத்தைக் கண்டால் குரல் இரட்டிப்பாகும் இயல்பினர். பின்னாளில் தமிழகஞ் சென்று, சிலோன் மனோகர் என்ற பெயரில் பல மொழிப் படங்களிலும் நடித்து, 2018ஆம் ஆண்டு ஜனவரியிலே சென்னையிற் காலமானார். சிங்களமும் தமிழும் கைகோத்து நிற்கும் ‘சுராங்கனி’ அவர் குரலிலேதான் எங்கள் செவிக்கு வந்தது. சுராங்கனி என்னும் பெண்ணுக்கு மீன் கொண்டுவந்திருக்கும் செய்தியைக் கூறும் எளிய பாட்டு அது. ஆழ்ந்த பொருள் ஒன்றும் அதில் இல்லை. ஆயினும் இரண்டு பாஷைகள் ஒரே வாயிலிருந்து சண்டையின்றிப் புறப்பட்டதை, பிற்காலத்தில் இந்நாட்டுக்கு நேர்ந்தவற்றை அறிந்த ஒருவர் இன்று கேட்கும்போது, அதன் எளிமையே நெஞ்சைப் பிசைகிறது.

இந்தப் பாட்டுக்கள் எழுந்த காலம் எத்தகையது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏனெனில் இசை ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. 1970இல் பதவிக்கு வந்து 1977 வரை நாட்டை ஆண்ட அரசாங்கம் இறக்குமதிகளை வெகுவாக மட்டுப்படுத்தியபோது, வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராமற் போகவே, வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்த செத்தல் மிளகாய்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் முன்னெப்போதும் இல்லாத விலை கிடைத்தது. துலா மிதித்து நீரிறைத்த குடும்பங்கள் இயந்திரம் வாங்கின. மண்வீட்டிலிருந்தவர்கள் கல்வீடு கட்டினர். அதே கட்டுப்பாடு தென்னிந்தியச் சஞ்சிகைகளையும் படங்களையும் குறைத்தது. சஞ்சிகைகள் வராத வெற்றிடத்திலே வீரகேசரிப் பிரசுரமாக ஈழத்து நாவல்கள் வெளிவந்தது போலவே, பாட்டு உலகத்து வெற்றிடத்தில் உள்ளூர்ப் பொப்பிசை தளிர்த்தது. கையிலே பணமும் செவியிலே பசியும் ஒருங்கு சேர்ந்த அந்த ஏழாண்டு காலந்தான், கலியாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் இசைக்கோஷ்டி பிடிக்கும் வழக்கத்தைக் கிராமங்களிலே நிலைநிறுத்தியது என்பது என் துணிபு. கலைஞரின் ஆர்வமே காரணம் என்பார் சிலர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கோஷ்டிக்குக் கொடுத்த அட்வான்ஸ் பணம் மிளகாய் விற்ற காசு என்பதை, அந்தக் காசை எண்ணிப் பார்த்த கைகளே இன்று விறாந்தையிலிருந்து சொல்கின்றன.

அந்த இரவுகளை எவ்வாறு வருணிப்பேன்! திருவிழாவில் சின்னமேளமும் பெரியமேளமும் ஓய்ந்து, சுவாமி இருப்பிடஞ் சேர்ந்த பின்னர், வெளிவீதியிலே போட்ட மேடைக்கு ஊர் முழுவதும் பாயோடும் பனங்கிழங்கோடும் பெயர்ந்து வரும். தென்னையிலும் பனையிலும் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய்கள் காற்று வளத்துக்கேற்ப ஒரு பக்கம் உரத்தும் ஒரு பக்கம் தேய்ந்தும் ஒலிக்கும். கண்ணன் கோஷ்டியின் பெயரைச் சுவரொட்டியிலே கண்டால், அயற்கிராமத்து இளைஞர் சைக்கிளில் இருவர் மூவராக ஏறி, அச்சுவேலி முதல் இருபாலை வரையிலிருந்து வந்து சேர்வர். சினிமாப் பாட்டுக்கள் ஏழெட்டுப் பாடி முடிந்தபின், கிற்றார்காரர் ஒரு கணம் நின்று, பொங்கோ வாசிப்பவரைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வையைக் கண்டவுடனேயே பின்வரிசையிலே சீழ்க்கை எழும், அடுத்து வருவது பைலா என்று எல்லோருக்கும் விளங்கிவிடும். மேடையிலே பாடியவர் மனோகரன் அல்லர், நித்தியும் அல்லர், எங்கள் அயலூர்ப் பையன் ஒருவன். அவன் பாடியதும் மறுபாட்டே. இந்த உண்மையை விறாந்தை வாதத்தில் யாரும் நினைவுகூர்வதில்லை. மூலந்தான் உயர்ந்தது என்று சாதிக்கும் தோட்டக்காரர் தம் பதினெட்டாம் வயதிலே கேட்டு மயங்கியதில் முக்காற்பங்கு, மூலமன்று.

மறுநாள் விடியப்புறம் வாழைக்குத் தண்ணீர் மாறும்போது, வரம்பிலே வைத்த றேடியோவில் இலங்கை வானொலி அதே பாட்டை மீண்டும் தரும். பாட்டுக்கு முன்னே அறிவிப்பாளர், பாடியவர் பெயரும் இயற்றியவர் பெயரும் இசையமைத்தவர் பெயரும் சொல்லியே தட்டைச் சுழலவிடுவார். எஸ். பி. மயில்வாகனம் முதலாக கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் வரை வந்த அந்தப் பரம்பரையினர் உச்சரித்த பெயர்களைக் கேட்டே நாங்கள் பாட்டுக்காரரை அறிந்தோம். சில இளைஞர் அப்பியாசக் கொப்பியிலே அந்த விவரங்களைக் கோடு போட்டு எழுதி வைத்தனர். நானும் ஒரு கொப்பி வைத்திருந்தேன். அதைப் பற்றிப் பின்னர் சொல்வேன்.

இனி, வழக்குக்குரிய 1977ஆம் ஆண்டு. அதற்கு முந்திய ஆண்டிலே ‘அன்னக்கிளி’யின் மூலம் அறிமுகமாகி, நாட்டார் மெட்டுக்களைச் சினிமாவின் அரங்கிலே இருத்திய இளையராஜா, ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் படத்திலே ‘சுராங்கனி’யை எடுத்தாண்டார். பாடியவர்கள் மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும். ஈழத்துக் கடற்கரைப் பாட்டை, மலேயாவில் பிறந்த தமிழர் ஒருவர் சென்னையிலே பாடி, அது மறுபடி யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்த விந்தையைப் பாருங்கள். கப்பலேறிச் சிதறிய ஒரு சாதியாரின் சரித்திரத்தை இதனிலும் சுருக்கமாக எழுத முடியுமா? பல்லவியிலே சிங்களம் அப்படியே நிற்கிறது. சுற்றிலும் தமிழ்ச் சொற்கள் புதிதாகக் கட்டப்பட்டிருக்கின்றன. ஆண்குரலோடு பெண்குரல் சேர்ந்து, தனியொருவன் கூவியது உரையாடலாக மாறியிருக்கிறது. வாத்தியங்கள் பெருகித் தாளம் கனத்திருக்கிறது. ஒன்று மட்டும் இழக்கப்பட்டது. சிங்களத்திலே மீனைக் குறிக்கும் ‘மாலு’ என்னும் சொல், பாக்கு நீரிணையைத் தாண்டியதும் தன் பொருளை இழந்து வெறும் ஓசையாயிற்று. எங்களுக்கு அது நாளாந்தம் சந்தையிலே காதில் விழுந்த சொல். அந்தப் பக்கத்துச் செவிக்கோ இனிமையான பிதற்றல். மூலக் கட்சியார் இந்த ஒரு சொல்லைக் கொண்டே வழக்கை வென்றுவிட்டதாக நினைக்கின்றனர். நான் அவ்வாறு நினைக்கவில்லை. பொருள் விளங்காமலே ஒரு பாட்டு கோடிக்கணக்கானோர் வாயில் நின்றதென்றால், அதன் உயிர் பொருளில் மட்டும் இருக்கவில்லை, நடையிலும் இருந்தது என்பதையே அது நிரூபிக்கிறது. அந்த நடையை இளையராஜா சிதைக்காமல் விட்டார். கற்றவர் செய்யும் காரியம் அது.

அதே 1977ஆம் ஆண்டில், ஆங்கில தேசத்திலே வேறொரு புயல் வீசிக்கொண்டிருந்தது. மூன்று சுரக்கட்டு அறிந்தவன் எவனும் மேடையேறலாம் என்று முழங்கிய பங்க் இசை அவ்வாண்டிலே உச்சத்தை அடைந்து, அடுத்த ஆண்டே இளைக்கத் தொடங்க, அதன் சாம்பலிலிருந்து எழுந்த புதுக் கூட்டத்தாரைப் பிற்காலத்தார் ‘போஸ்ட் பங்க்’ என்று வகுத்தனர். 1978 தொடக்கம் 1984 வரையென்று அதற்குப் பெரும்பாலோர் எல்லை கட்டுவர். தொழிற்சாலைகள் மூடப்பட்டு வேலையின்மை பெருகிய வடநகரங்களிலே, சிறு கம்பனிகள் வெளியிட்ட இசைத்தட்டுக்களாலும் கையச்சுச் சஞ்சிகைகளாலும் வளர்ந்த அந்த இயக்கத்தின் ரசிகர்களைப் போல மறுபாட்டைப் பற்றி ஓயாது வாதித்தவர்கள் வேறெங்கும் இல்லையென்றே சொல்லலாம். அவர்களுடைய வழக்குகளையும் சிறிது கேட்போம். நம் வழக்கு அதனால் தெளிவுபெறும்.

லண்டன் நகரத்துப் பெண்கள் கூட்டமாகிய ஸ்லிட்ஸ், மார்வின் கே பாடிப் புகழ்பெற்ற ‘ஐ ஹேர்ட் இற் த்ரூ த கிறேப்வைன்’ என்னும் பாட்டை 1979இல் எலும்பும் நரம்புமாகப் பிரித்துப் பாடினர். மூலத்தைக் கெடுத்தனர் என்றார் சிலர். ஆனால் மூலம் என்று அவர்கள் கருதிய மார்வின் கேயின் தட்டு 1968இல் வந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே கிளாடிஸ் நைற் குழுவினர் அப்பாட்டை வெளியிட்டிருந்தனர். மூலமென்று நாம் சத்தியஞ் செய்வது பெரும்பாலும் நாம் முதலிலே கேட்டதைத்தான். அவ்வாறே ‘ரெயின்ற்ரெட் லவ்’ என்னும் பாட்டு 1965இல் அமெரிக்கப் பாடகி குளோரியா ஜோன்ஸின் குரலிலே வந்து, தன் தேசத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்து, வட இங்கிலாந்தின் நடன மண்டபங்களிலே மாத்திரம் உயிர்பிழைத்து நின்றது. அந்தச் சூழலில் வளர்ந்த இளைஞரிருவர் சொஃப்ட் செல் என்ற பெயரில் 1981இல் அதனை மின்விசை வாத்தியங்களில் அமைத்துப் பாடவே, அது உலகமெங்கும் ஒலித்தது. மூலத்தை மறுபாட்டே மீட்டது. இன்று குளோரியா ஜோன்ஸைத் தேடிக் கேட்பவரிற் பெரும்பாலார் இந்த இருவரின் வழியாகவே அவரிடஞ் செல்கின்றனர். மாஸ்ரருடைய கட்சிக்கு இதனிலும் வலிய சாட்சி கிடையாது.

ஆயினும் தோட்டக்காரர் கட்சிக்கும் சாட்சி உண்டு. மான்செஸ்ரரின் ஜோய் டிவிஷன் குழுவிலே பாடிய இயன் கேர்ட்டிஸ், 1980 மே 18ஆந் தேதி, இருபத்துமூன்றாம் வயதிலே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அடுத்த மாதம் வெளியான ‘லவ் வில் ரெயார் அஸ் அபார்ட்’ என்னும் பாட்டின் பெயரே மக்கிள்ஸ்ஃபீல்ட் ஊரிலுள்ள அவருடைய நினைவுக்கல்லிற் பொறிக்கப்பட்டிருக்கிறது. மூன்றாண்டு கழித்துப் போல் யங் என்னும் இனிய குரலோன் அப்பாட்டைத் தம் தொகுப்பிலே பாடியபோது, பழைய ரசிகர்கள் கொதித்தெழுந்தனர். சுரத்திலே பிழையில்லை, குரலிலே குறையில்லை. பின் ஏன் கோபம்? கல்லறைக் கல்லிலே எழுதிய வாசகத்தைக் கலியாண வீட்டில் வாசித்தது போல அவர்களுக்குத் தோன்றியது. இந்தக் கோபத்தைச் சங்கீத சாஸ்திரம் கொண்டு விசாரிக்க இயலாது. துக்கத்துக்குரிய மரியாதையோடுதான் அணுகவேண்டும். நீர்வேலித் தோட்டக்காரர் படப்பாட்டை நிழல் என்று சொல்லும்போது அவர் குரல் ஏன் சற்றுத் தளும்புகிறது என்பதும் எனக்கு இதனாலேதான் விளங்கிற்று.

எப்படியெனில், 1977இன் பிற்பகுதியிலே வந்த திறந்த பொருளாதாரம் மிளகாய் வெங்காய விலையை வீழ்த்தியதோடு, கசெற்றுக்களையும் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து இறக்கிற்று. உள்ளூர்ப் பொப்பிசையின் பருவம் அதனோடு தளர்ந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1983 ஆடிக் கலவரத்துக்குப் பின்னர் சிங்களமும் தமிழும் ஒரே வாயிலிருந்து புறப்படும் பாட்டை மேடையிலே கேட்க முடியாமற் போயிற்று. மேடைகளும் இல்லாமற் போயின. கிற்றார் பிடித்த கைகளுட் சில வேறு கருவி பிடித்தன, சில கடல் கடந்தன, சில மண்ணாயின. 1995 ஒக்டோபர் 30ஆந் தேதி, போர் நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் ஒரே இரவிலே பெயர்ந்து, கொட்டும் மழையிலே செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, நீர்வேலியும் நடந்தது. குழந்தையையும் முதியவரையும் சுமந்தவர் கைகளுக்கு இசைத்தட்டையும் ஒலிநாடாவையும் சுமக்க எங்கே வலு? என் அப்பியாசக் கொப்பியை நான் மேசை இலாச்சியிலேயே விட்டுச் சென்றேன். மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது இலாச்சியும் இல்லை, மேசையும் இல்லை. வாழை மாத்திரம் கவனிப்பாரின்றிக் குட்டி போட்டுக் காடாய் நின்றது.

இவ்விடத்தில், யாழ்ப்பாணத்தையும் அந்த ஆங்கிலப் புயலையும் ஒரே சரட்டிலே கோக்கும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. எம். ஐ. ஏ. என்று உலகம் அறியும் மாதங்கி அருள்பிரகாசம் லண்டனிற் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டு, இங்கும் சென்னையிலும் வளர்ந்து, 1986இல் அகதியாக மறுபடி லண்டன் சேர்ந்தவர். அங்கே அவருக்குக் கைகொடுத்தவர்களுள் முக்கியமானவர், எலாஸ்ரிக்கா என்னும் குழுவின் தலைவி ஜஸ்ரின் ஃபிரிஷ்மன். அந்தக் குழுவின் இரண்டாவது தொகுப்புக்கு அட்டைச் சித்திரம் அமைத்தவர் மாதங்கியே. அந்த எலாஸ்ரிக்காவோ, வயர் என்னும் குழுவினர் 1977இல் வெளியிட்ட பாட்டொன்றின் கிற்றார்ப் பிடியைத் தம் ‘கனெக்ஷன்’ பாட்டிலே சொல்லாமல் எடுத்தாண்டதாக வழக்குக்கு ஆளாகி, பணங் கொடுத்துச் சமாதானமானவர்கள். அவர்களோடு பழகிய மாதங்கி பின்னர் என்ன செய்தார்? கிளாஷ் குழுவினர் 1982இல், நாடற்றவரையும் குடிபெயர்ந்தவரையும் பாடுபொருளாகக் கொண்டு வெளியிட்ட ‘ஸ்ரெயிற் ரு ஹெல்’ என்னும் பாட்டின் இசைத்துண்டை அடித்தளமாக வைத்து, 2007இல் ‘பேப்பர் பிளேன்ஸ்’ என்னும் பாட்டை அமைத்தார். விசா வரிசையிலே நின்ற குடிபெயர்ந்தவளின் குரல் அதிலே கேட்கிறது. தட்டின் மேலே, இயற்றியவர் என்னும் இடத்திலே, கிளாஷ் குழுவினர் நால்வரின் பெயரும் அவர் பெயரோடு சேர்த்து அச்சிடப்பட்டிருக்கிறது. அதே தொகுப்பிலே சென்னையிற் பதிவான உறுமி மேளமும், இளையராஜாவின் ‘தளபதி’ப் பாட்டொன்றின் துண்டும் உண்டு. பழைய கிளாஷ் ரசிகர்கள் இதனைப் பற்றி இன்றும் இரு கட்சியாக நிற்கின்றனர். என் அபிப்பிராயம் தெளிவானது: மூலப்பாட்டு யாரைப் பற்றிப் பாடியதோ, அந்த நாடற்றவர் கூட்டத்திலிருந்தே ஒருத்தி எழுந்து அதைத் திருப்பிப் பாடினாள், அதனிலும் உயர்ந்த மறுபாட்டை நான் அறியேன்.

மேற்கத்தியர் வழக்காடியும் பணங்கொடுத்தும் கண்டடைந்த இந்த நாகரிகம் நம்மிடம் ஆதியிலேயே இருந்தது என்பதை நினைக்கும்போதுதான் எனக்கு ஆச்சரியமும் வருத்தமும் ஒருங்கே உண்டாகின்றன. முத்துஸ்வாமி தீட்சிதர், ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியக்காரர் வாசித்த மெட்டுக்களுக்கு வடமொழிச் சாகித்தியங் கட்டினார். அவை நோட்டுஸ்வரம் என்ற பெயரைத் தாங்கியே இன்றும் வழங்குகின்றன. ஆங்கிலேய மன்னர் வாழ்த்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று. பெயரே பிறப்பைச் சொல்லிவிடுகிறது, ஒளிப்பில்லை. இசை நாடகப் புத்தகங்களை விரித்தால், ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இன்ன மெட்டு என்று அச்சிட்டிருப்பர். காங்கேசன்துறையிலே வசந்த கான சபாவை நடத்தி, அரிச்சந்திரனாக மயானத்திலே நின்று ஈழத்தையே அழவைத்த வி. வி. வைரமுத்துவும், தமக்கு முன்னே பாடியவர்களின் மெட்டை வாங்கித் தம் கண்டத்தால் ஒளியேற்றியவரே. எந்த ரசிகனும் அதைக் களவு என்று சொன்னதில்லை. வாங்கிய இடம் அரங்கத்துக்கே தெரிந்திருந்தது.

இவற்றுக்கெல்லாம் மேலானது, நாங்கள் பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனையிலே நாளாந்தம் புரட்டிய தேவாரப் புத்தகம். பதிகம் தொடங்குமுன் அருளியவர் பெயர், பண்ணின் பெயர், தலத்தின் பெயர் ஆகிய மூன்றும் மேலே நிற்கும். யார் பாடியது, எந்த மெட்டிலே பாடியது, எந்த ஊரிலே நின்று பாடியது? இம்மூன்றும் சொல்லியான பின்பே பாட்டு. ஓதுவார் ஆயிரம் பேர் ஆயிரம் விதமாக அதைப் பாடட்டும். தலைப்பிலுள்ள மூன்று பெயரும் அசையா. மறுபாட்டைப் பற்றிய விசாரணையில் எனக்குக் கிடைத்த அளவுகோல் இதுவே. மூலம் பெரிதா மறுபாட்டுப் பெரிதா என்பது சுவை பற்றிய வாதம். அதற்கு முடிவு வேண்டியதில்லை, வாதமே இன்பம். ஆனால் மறுபாட்டு எழுந்தபின் மூலத்தின் மூன்று பெயரும் நிலைத்தனவா, அழிந்தனவா என்பது நியாயம் பற்றிய கேள்வி. ‘சுராங்கனி’யைப் பாடி ஆடும் தமிழகத்து இளைஞருட் பலர் அது ஈழத்துப் பாட்டென்பதை அறியார். கசெற்றின் முதுகிலே வெறுமனே ‘பொப் பாடல்கள்’ என்று எழுதி விற்ற எங்கள் கடைக்காரரும் அதே பிழையைத்தான் செய்தனர். மனோகரன் பெயராவது நின்றது. நித்தியின் பெயரும் நின்றது, அவர் அவுஸ்திரேலியாவில் வாழ்ந்து தம் கதையைத் தாமே சொன்னமையால். அவர்களுக்குப் பின்னே நின்று வாசித்தவர்களும், அவர்களுடைய பாட்டை ஊரூராக மறுபடி பாடியவர்களும் எங்கே?

இதனை நான் விறாந்தையிலே எடுத்துச் சொன்னபோது, வழக்கமாக எதிரெதிர் நிற்கும் இருவரும் சிறிது நேரம் பேசாதிருந்தனர். மாஸ்ரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மேசையிலே ஒரு புதுக் கொப்பியை விரித்து, 1974ஆம் ஆண்டுத் திருவிழாவிலே, அரசகேசரிப் பிள்ளையார் கோயிற் பக்கமிருந்து நாங்கள் நடந்துபோய்க் கேட்ட கோஷ்டியிலே பொங்கோ வாசித்தவர் யாரென்று கேட்டேன்.

“மெலிஞ்ச ஆள், இடக்கைக்காரன். இருபாலைப் பெடியன் அண்ணை அவன்” என்றார் தோட்டக்காரர்.

“இல்லைத் தம்பி, கோப்பாய் வடக்கு. தேப்பன் தச்சுவேலை. என்னட்டைப் படிச்சவன்.”

“இடக்கைக்காரன் எண்டது சரியோ மாஸ்ரர்?”

“ஓம், அது சரி. பேர்தான் வருகுதில்லை.”

கொப்பியின் முதற்பக்கத்திலே ‘இடக்கை’ என்று எழுதி, அதற்கு மேலே பெயருக்கு ஒரு வரி இடம் விட்டேன். அவ்விருவரும் இருபாலையா கோப்பாயா என்று மறுபடி தொடங்கிவிட்டனர்.